'நர்சிங்' என்று எழுதியதெல்லாம் செவிலியர் படிப்பா?

பிளஸ் டூ முடிவு வந்த இரண்டாம் நாளே நம் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களில் புதிய தட்டிகள் முளைத்துவிடுகின்றன. 'பத்தாம் வகுப்பு பாஸ் / ஃபெயில், பிளஸ் டூ பாஸ் / ஃபெயில்: நர்சிங் படிக்கலாம், நூறு சதவீத வேலை உறுதி.' வெள்ளை உடையில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் ஒரு பெண் சிரித்தபடி நிற்பாள். அந்தத் தட்டி ஊர்த்தெருவைவிட காலனிக்குத் திரும்பும் சாலையில்தான் கூடுதலாகக் கட்டப்பட்டிருக்கும். யாருக்காகக் கட்டப்பட்டது என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. மகளை ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு 'நர்சிங்' படிக்க வைத்திருந்தார். மகளிர் குழுக் கடன், அடகு வைத்த தோடு, வீட்டில் நின்ற கன்று என்று எல்லாம் அதற்குப் போயிருந்தது. சான்றிதழும் கையில் இருந்தது. அரசு செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் பதிவு எண் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மூணு வருசம் படிச்ச புள்ளையும் நர்சு, எம் புள்ளையும் நர்சுதானே? சான்றிதழ்ல நர்சிங்குன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நாம் சொன்ன பதில் அவருக்குப் பயன்படவில்லை. ஆனால் இந்த ஆண்டு சேரப் போகிற பிள்ளைகளுக்குப் பயன்படும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

பெயர் ஒன்று, மதிப்பு வேறு

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டின் பெயரும் எண்ணமும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே அது ஏழைகளின், கறுப்பின மக்களின், குடியேறிகளின் கல்லூரி. வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம், கட்டணம் குறைவு. மில்ட்ரெட் மான்டேக் என்ற செவிலியர் கல்வியாளரின் முன்முயற்சியால் 1952-இல் அங்கு இரண்டாண்டுச் செவிலியர் பட்டம் சோதனையாகத் தொடங்கியது. இன்றுவரை அந்த இரண்டாண்டுப் பட்டம் பெற்றவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வைத்தான். தேறினால் இருவருமே பதிவு பெற்ற செவிலியர். அரசு சமுதாயக் கல்லூரியில் உள்ளூர் மாணவருக்குச் சராசரிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர். பதிவு பெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023-இல் 86,070 டாலர். பெரிய மருத்துவமனைகள் சில நான்காண்டுப் பட்டம்தான் வேண்டும் என்கின்றன. ஆனாலும் செலவையும் வருமானத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் அங்கே அது ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் கணக்கு.

நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் இந்த முறையைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடெங்கும் பரவியது. பள்ளியில் இடைநின்றவர்களுக்குக் கைத்தொழில் கற்றுத் தர வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம். அதனால் வாழ்வு பெற்ற நம் பிள்ளைகளும் உண்டு. குறை கல்லூரியின் பெயரில் இல்லை. பெயர் கடல் தாண்டி வந்தது, அங்கே பெயரோடு ஒட்டியிருந்த உரிமம் மட்டும் வரவில்லை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் படித்தவர் செவிலியர் ஆகிறார். இங்கே ஓராண்டு 'நர்சிங் உதவியாளர்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்' சான்றிதழ் பெற்றவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் செவிலியர் ஆகமாட்டார்.

பதிவு எண்தான் படிப்பு

இந்தியாவில் செவிலியர் கல்வியை ஒழுங்குபடுத்துவது 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். மாநிலத்தில் பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். அதன் வேர் 1926-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசு 2023-இல் புதிய ஆணையச் சட்டம் ஒன்றையும் இயற்றியிருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அடிப்படை மாறாது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் செவிலியர்.

பிளஸ் டூ முடித்தவர் அந்தப் பதிவேட்டுக்குப் போக மூன்று வழிகள் உண்டு. இரண்டாண்டு ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் படிப்பு, மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்பு, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பு. இவற்றையும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில்தான் படித்திருக்க வேண்டும். தபால் வழியில் படிக்க முடியாது. ஆறு மாதத்தில் முடியாது. பத்தாம் வகுப்பில் தவறியவர் சேர முடியாது. ஆகவே, 'ஃபெயிலானாலும் நர்சிங்' என்று ஒரு தட்டி சொன்னால் அது செவிலியர் படிப்பு அன்று என்பதற்கு அந்தத் தட்டியே சாட்சி.

உதவியாளர் வேலையை நாம் இழிவாகச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரைத் துடைத்து, புரட்டி, ஊட்டிவிடும் வேலை மரியாதைக்குரிய உழைப்பு. ஆனால் அதை அதன் பெயரில் சொல்லிச் சேர்க்க வேண்டும். 'உதவியாளர் பயிற்சி, இதற்குப் பதிவு கிடையாது, அரசு செவிலியர் வேலைக்குச் செல்லாது' என்று விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியில் அச்சிட்டுவிட்டுப் பணம் வாங்கட்டும். அப்போது எத்தனை தாய்மார்கள் தோட்டைக் கழற்றுவார்கள் என்று பார்ப்போம்.

நம் மக்களிடம் மட்டும் இந்தச் சரக்கு எளிதில் விலைபோவது ஏன்? காலனியில் பல வீடுகளில் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறையே இந்தப் பிள்ளைகள்தான். 'இது செல்லாதும்மா' என்று சொல்ல ஒரு சித்தப்பாவோ அத்தையோ அந்தத் துறையில் இருப்பதில்லை. மற்றவர்களுக்குச் சொந்தத்திலேயே கிடைக்கும் தகவலை நாம் கன்றுக்குட்டியை விற்று வாங்குகிறோம். வாங்கியதும் தவறான தகவலாக இருக்கிறது.

வீட்டுக் கணக்கு

இப்போது திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவோம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் கணக்கே வேறு. கட்டணம் சொற்பம், விடுதி உண்டு. அரசு ஜி.என்.எம். பயிற்சிப் பள்ளிகளில் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு இடம் கிடைத்த பிள்ளையை எந்தக் கடனை உடனை வாங்கியும் அனுப்பலாம். தயங்க வேண்டாம்.

ஆனால் அந்த இடங்கள் குறைவு. பெரும்பாலோர் போவது தனியார் கல்லூரிக்குத்தான். எடுத்துக்காட்டாக, ஒரு பெண் தனியாரில் பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 3 லட்சம் வங்கிக் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 4 லட்சம் வரை பிணையும் முன்பணமும் கேட்கக் கூடாது என்பது விதி. வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிக்கும் காலத்திலும் முடித்த பிறகு ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடும். தவணை தொடங்கும் நாளில் 3 லட்சம் ஏறக்குறைய 4 லட்சத்து 5 ஆயிரமாக நிற்கும். ஏழு ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 6,700 ரூபாய்.

படித்து முடித்துப் பதிவும் செய்துவிட்டு அவள் நகரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் 14,000 ரூபாய்க்குச் சேர்கிறாள் என்று கொள்வோம். நம் பிள்ளைகள் வந்து சொல்லும் தொகைகள் இதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கின்றன. விடுதி, சாப்பாடு, பேருந்து என்று 6,000 போகிறது. தவணை 6,700 போகிறது. மீதம் 1,300. நான்கு ஆண்டு படித்த பெண் ஊருக்கு அனுப்ப முடிந்த தொகை இது. அவளோடு படித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள் மாதம் 10,000 சம்பாதித்தாள் என்றால், அந்த நான்கு ஆண்டில் 4 லட்சத்து 80 ஆயிரம் கூலியாகக் கண்டிருப்பாள். இதையும் செலவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் படிக்கவே வேண்டாமா?' என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கணக்கில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். சம்பளம் 14,000 இல்லாமல் 20,000 என்று போடுங்கள். மீதம் 7,300 ஆகிறது. ஒரு குடும்பம் நிமிர்ந்துகொள்ளும். இந்த 20,000 நம் கற்பனையில் வந்த எண் அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

காகிதத்தில் இருக்கும் 20,000

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிச்சூழலையும் ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு சொன்னது இதுதான். 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனை, அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000-க்குக் கீழ் போகக் கூடாது. மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு 2017-இல் தெருவுக்கு வந்தார்கள். 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் என்று அறிவிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அங்கும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. ஆனால் கேட்பதற்குக் கையில் ஓர் ஆணை இருக்கிறது. நம் ஊர்ச் சிறு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் பெண்ணிடம் அப்படிக் காட்ட என்ன இருக்கிறது?

அரசு மட்டும் சரியாக நடந்துகொண்டதா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் தேர்வெழுதி வந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடிய பிறகே அந்த அவலம் நாட்டுக்குத் தெரிந்தது. பின்னர் படிப்படியாக உயர்ந்து 18,000-க்கு வந்தது. கொரோனாவில் உயிரைப் பணயம் வைக்கத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-உடன் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். 18 சதவீத இடஒதுக்கீடு நமக்கு உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடும் 2009 முதல் உண்டு. ஆனால் நிரந்தர வேலையைச் சுருக்கித் தொகுப்பூதியத்தைப் பெருக்கினால், ஒதுக்கீட்டின் கதவு வழியாக உள்ளே போனவரும் கூலிக்காரராகவே நிற்பார்.

உதவித்தொகை எங்கே நழுவுகிறது?

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது 1944-இல் தொடங்கியது. இன்று குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின மாணவருக்கு அது உரிமை. செலவில் 60 சதவீதம் மத்திய அரசும் 40 சதவீதம் மாநில அரசும் ஏற்கின்றன. நம் மாநிலத்தில் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் மாநில நிதியிலிருந்து உதவி உண்டு. செவிலியர் பணிக்கு வருவோரில் அவர்கள் கணிசமானவர்கள் என்பதால் இதைத் தனியே சொல்கிறோம்.

உரிமை இருந்தும் பணம் இரண்டு இடங்களில் நழுவுகிறது. முதலாவது, நிர்வாக ஒதுக்கீட்டு இடம். கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு, ஒருத்திக்கு உண்டு, மற்றவளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அறிவியல் பாடங்களோடு நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளைகள்கூடக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமல், 'இப்போதே முன்பணம் கட்டினால் சீட்டு உறுதி' என்ற தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாரத்து அவசரம் நான்கு ஆண்டு உதவித்தொகையைத் தின்றுவிடுகிறது.

இரண்டாவது, மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வருவது தாமதமாக வருகிறது. கல்லூரியோ சேரும்போதே கட்டு என்கிறது. இடைப்பட்ட மாதங்களை நிரப்புவது கந்துவட்டி. தாமதமாக வந்த பணம் வட்டிக்கே போய்விட்டு, கட்டணம் பாக்கி என்று அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும்போது பெண்ணின் வேலையும் நின்றுபோகிறது. அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும், இத்தனை ஆண்டு இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவதும் கூடாது என்று நர்சிங் கவுன்சில் சுற்றறிக்கை இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படுகிறது.

ஏன் நாம் இந்தத் துறையை விடக் கூடாது?

ஒரு காலத்தில் இரத்தமும் மலமும் தொடும் வேலை என்று சொல்லி மேல்சாதியினர் செவிலியர் பணியை ஒதுக்கினார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியை வாசலோடு நிறுத்தி நெல் அளந்தார்கள். ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிய காலத்தில், தம் பெண்ணை இந்த வேலைக்கு அனுப்பச் சாதி இந்துக் குடும்பங்கள் கூசின. மிஷன் மருத்துவமனைகளில் வெள்ளுடை அணிந்த முதல் தலைமுறையில் கிறித்தவம் தழுவிய ஏழைப் பெண்கள் நிறைந்திருந்தனர். 1946-இல் அதே வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பணி பட்டப் படிப்பாக உயர்ந்தது. பட்டமும் சம்பளமும் வெளிநாடும் வந்த பிறகு தீட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. இன்று எல்லாச் சாதியும் வரிசையில் நிற்கிறது. நல்லது, நிற்கட்டும். ஆனால் தீட்டு என்று ஒதுக்கிய காலத்தில் வேலையைச் செய்தவர்களின் பேத்திகள், மதிப்பு வந்த காலத்தில் பதிவு இல்லாத உதவியாளராக, ஆயா வேலையை நர்சு உடையில் பார்ப்பவராகப் பின்னுக்குத் தள்ளப்படுவதை ஏற்க முடியாது. கையுறை மாட்டிய ஒரே அறையில் ஊசி போடுபவர் ஒரு தெரு, அள்ளிப் போடுபவர் இன்னொரு தெரு என்று பிரிந்தால், அது மருத்துவமனைக்குள் குடியேறிய சேரிதான்.

பதிவு எண் இருந்தால் வாசல்கள் திறக்கும். தாட்கோ நம் செவிலியர் பட்டதாரிகளுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அளித்து வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தம் செய்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. வளைகுடாவுக்குத் தனியார் ஏஜெண்டிடம் லட்சங்களைக் கொட்டுவதற்கு முன் அந்த அலுவலகத்தை அணுக வேண்டும். பதிவு எண் இல்லாதவருக்கு இந்த வாசல்களில் ஒன்றுகூடத் திறக்காது.

செய்ய வேண்டியவை

இந்த ஆண்டு சேரப் போகும் தங்கைகளே, தம்பிகளே, பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு எண் கிடைக்குமா? இந்தக் கல்லூரியின் பெயர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இந்த ஆண்டும் இருக்கிறதா? எனக்குத் தரும் இடம் அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா? நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு, அதை எழுதிக் கொடுப்பீர்களா? எழுதிக் கொடுக்கத் தயங்கும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குடன் ஆதார் இணைப்பு மூன்றையும் முடிவு வருவதற்கு முன்பே ஆயத்தமாக வையுங்கள்.

ஏற்கெனவே உதவியாளர் சான்றிதழ் பெற்றுவிட்ட பிள்ளைகள் மனம் உடைய வேண்டாம். பிளஸ் டூ தேறியிருந்தால், வயது வரம்புக்குள் இருந்தால், ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். சேரலாம். நம்மிடம் வந்த அந்தத் தாயின் மகள் பிளஸ் டூ தேறியவள். அவளுக்கு நாம் சொன்னதும் இதைத்தான். ஓராண்டு போனது போனதுதான். ஆனால் வாழ்நாள் போகவில்லை.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. பதிவுக்கு வழியில்லாத எந்தப் பயிற்சியும் 'நர்சிங்' என்ற சொல்லைத் தட்டியிலும் சான்றிதழிலும் பயன்படுத்தத் தடை வேண்டும். கேரளத்தைப் போலத் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு 20,000-க்குக் குறையாத அடிப்படை ஊதியத்தை ஆணையாக்கி, தொழிலாளர் துறை ஆய்வு செய்ய வேண்டும். உதவித்தொகை வந்து சேரும் வரை பட்டியலின மாணவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்பதை மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரிகளைக் கூட்டி உறுதி செய்ய வேண்டும்.

இவை மூன்றும் கிடைக்கும் வரை ஒரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு காலனியிலும் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவாவது இருப்பார். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து, அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும். பேருந்து நிறுத்தத்துத் தட்டி நூறு பேரிடம் பேசுவதற்கு முன் அந்த அக்கா பத்துப் பேரிடம் பேசிவிட வேண்டும்.